மரமேறும் பெல்ட்: தொங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்

தை, மாசி பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் மரமேறும் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏரிக்கரைப் பனைகளில் பாளை சீவத் தொடங்குவார்கள். சாலையோரப் புளியமரங்கள் குத்தகைக்குப் போய் உலுக்கல் நடக்கும். சித்திரையில் நுங்கு. திருமானூர், தா.பழூர் பக்கத்துக் கொள்ளிடக்கரைத் தோப்புகளில் தேங்காய் வெட்டு ஆண்டு முழுவதும் உண்டு. "பாதுகாப்புக்கு ஒரு பெல்ட் வாங்கலாம் என்று இருக்கிறோம், எந்தக் கம்பெனி நல்லது?" என்ற கேள்வி வருவதும் இந்த மாதங்களில்தான். கம்பெனியைப் பிறகு பார்க்கலாம். ஏறப்போகிறவர் அந்தப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு தொங்கிப் பார்த்தாரா என்பதை முதலில் சொல்லுங்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் வாங்குகிறவர் ஒருவர், மாட்டுகிறவர் இன்னொருவர். தோப்புக்காரர் வாங்குவார், குத்தகைதாரர் வாங்குவார், சுய உதவிக் குழு வாங்கும், வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிவைப்பார். ஏறுகிறவரின் இடுப்பு 28 அங்குலம் இருக்கும். வந்து சேர்ந்த பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் 34 அங்குலத்துக்குக் கீழே வராது. முதல் நாள் மாட்டியதும் தொடை அறுக்கும், இடுப்பிலிருந்து நழுவும். மறுநாள் முதல் அது மாட்டுக்கொட்டகை ஆணியில் தொங்கும். "இதெல்லாம் நமக்குத் தோதுப்படாது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெறும் தளைநாரோடு ஏறுவார். வாங்கும் முன் கால் மணி நேரம் தொங்கிப் பார்த்திருந்தால் இந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

பெல்ட் எதற்கு என்பதில் தெளிவு இருந்தால் எதைச் சோதிப்பது என்பதும் தெரிந்துவிடும். பனையிலும் தென்னையிலும் பிடித்துக்கொள்ளக் கிளை கிடையாது. ஏறும்போது பாதத்தில் மாட்டிய தளைநாரும் இரண்டு கைகளும் உடலைத் தாங்குகின்றன. உச்சிக்குப் போனதும் ஒரு கை அரிவாளுக்குப் போய்விடுகிறது. மழை நனைத்த பாசி, பிடித்த பிடியோடு கழன்று வரும் காய்ந்த மட்டை, திடீரென்று கலையும் கதண்டுக் கூடு, வெறும் வயிற்றில் வரும் கிறுகிறுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தாலும் மிச்சமிருக்கும் ஒரு கை தளர்ந்துவிடும். கை விட்ட அந்த நொடியில் உடலைத் தாங்க வேண்டியது பெல்ட்டின் வேலை. ஆகவே அதில் முழு எடையையும் போட்டுச் சோதிக்காமல், கடையில் நின்றபடி இடுப்பில் கட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது.

கடைகளில் "சேஃப்டி பெல்ட்" என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. இடுப்பை மட்டும் சுற்றும் ஒற்றைப் பட்டையை வாங்கவே வேண்டாம். விழும்போது அது விலாவுக்கு ஏறி மூச்சை அடைக்கும்; முதுகெலும்பை ஒடிக்கும்; ஆளைத் தலைகீழாகக் கவிழ்த்து நழுவவும் விடும். அடுத்தது, கட்டட வேலைக்கான முழு உடல் பெல்ட் (தோள், மார்பு, தொடை மூன்றையும் சுற்றும் பட்டை). இதில் கயிறு மாட்டும் வளையம் முதுகில் இருக்கும். விழுகிறவரைப் பிடித்து நிறுத்த அது நல்லது; ஆனால் அதிலேயே சாய்ந்து உட்கார்ந்து பாளை சீவ முடியாது. மலையேற்ற விளையாட்டுக்கான பெல்ட் எடை குறைவு, பட்டை மெலிது; நெடுநேரம் தொங்கினால் தொடை மரத்துப்போகும். மரவேலைக்கென்றே செய்யப்பட்ட பெல்ட்டில் அகலமான, மெத்தை வைத்த இடுப்புப் பட்டை, இரண்டு தொடை வளையங்கள் அல்லது ஓர் உட்காரும் பலகை, இடுப்பின் இரு பக்கமும் டி வளையங்கள் (கயிறு மாட்டும் இரும்பு அல்லது அலுமினிய வளையங்கள்), முன்பக்கம் தொங்குவதற்கு ஓர் இணைப்பு ஆகியவை இருக்கும். நமக்குத் தேவைப்படுவது இந்தக் கடைசி வகை. பக்கவாட்டு வளையங்களும் தொடை வளையங்களும் சேர்ந்த முழு உடல் பெல்ட் கிடைத்தால் அதுவும் சரி.

மரமேறும் கருவியையும் பெல்ட்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவான, கேரளம் முழுவதும் பரவிய தென்னையேறும் கருவி பாதங்களைத் தாங்குகிறது, உடலைப் பிணைப்பதில்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய "தென்னை மரங்களின் நண்பர்கள்" பயிற்சியில் இந்தக் கருவி பெரிய அளவில் இளைஞர்கள் கைக்கு வந்தது. கை நழுவினால், பாதம் கருவியில் மாட்டியிருக்க உடல் பின்னால் மடிந்து தலைகீழாகத் தொங்க நேரிடும். அதனால்தான் காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் செம்பேரிக் கருவிக்கென்று தனியாக ஒரு பாதுகாப்பு இணைப்பை வடிவமைத்தது. கருவி வைத்திருப்பவருக்கும் பெல்ட் வேண்டும்.

இனி அளவு. ஏறுகிறவரை வேலைக்குப் போகும் உடையிலேயே நிறுத்துங்கள். கைலியை மடித்துக் கட்டி அதன்மேல் தொடை வளையம் போட்டால் துணி சுருண்டு அறுக்கும். முட்டிவரை வரும் தடித்த அரைக்கால் சட்டை நல்லது. நாடாவால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டிய சுற்றளவையும், தொடையின் மேல்பகுதிச் சுற்றளவையும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் சீட்டில் போட்டிருக்கும் அளவு எல்லைக்கு நடுவில் இவை வர வேண்டும். எல்லையின் சிறிய முனையில் வந்து நின்றால் வெறும் வயிற்றில் இறுக்க மிச்சம் இருக்காது. நம் பகுதியில் மரமேறுகிறவர்கள் பலரும் ஒல்லியான உடல்வாகு கொண்டவர்கள். வெளிநாட்டு அளவில் வரும் பெல்ட்டுகளில் மிகச் சிறிய அளவே இவர்களுக்குப் பெரிதாக இருப்பதுண்டு. சின்ன அளவு கடையில் இல்லையென்றால் காத்திருந்து வரவழையுங்கள்.

மாட்டியபின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். இரு கையாலும் கீழே இழுத்தால் எலும்பைத் தாண்டி இறங்கக் கூடாது. மேலே தள்ளினால் விலாவுக்கு ஏறக் கூடாது. தொடை வளையத்துக்குள் விரித்த உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும், மூடிய கை நுழையக் கூடாது. பக்கிளைப் பூட்டிய பிறகு பட்டையின் மிச்ச முனை நான்கு விரல் அகலமாவது வெளியே இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் எடை ஏறும்போது பட்டை உருவிக்கொள்ளலாம்.

அடுத்து தொங்கும் சோதனை. இதற்கு உயரம் தேவையே இல்லை. அடிமரத்தை ஒட்டித் தொடைப் பருமனில் இருக்கும் பச்சைப் புளியங்கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முருங்கை, காய்ந்த கிளை, கொட்டகை விட்டம் எதுவும் வேண்டாம். எடை தாங்கும் அளவு குறிக்கப்பட்ட கயிற்றைப் போட்டு, பாதம் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் எழும்படி தொங்குங்கள். கால் நீட்டினால் தரை எட்ட வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் கட்டாயம் நிற்க வேண்டும். கயிறு திடீரென்று சுமை ஏற்காமல் மெதுவாக உட்காருவதுபோல் இறங்குங்கள். முதல் இரண்டு நிமிடம் எந்தப் பெல்ட்டும் சுகமாகத்தான் தெரியும். பத்து நிமிடம் கடந்த பிறகுதான் உண்மை தெரியும். கால் மணி நேரம் இருந்து பாருங்கள். கால்களை அசைத்துக்கொண்டே இருங்கள்.

அந்தக் கால் மணி நேரத்தில் சும்மா தொங்காமல் வேலை செய்யுங்கள். அரிவாளும் அரிவாள்பெட்டியும் வழக்கமான இடத்தில் கட்டியிருக்கட்டும். டி வளையம் அரிவாளை எடுக்கவிடாமல் தடுக்கிறதா? வலப்பக்கம் முழுக்கச் சாய்ந்து கையை நீட்டுங்கள், பிறகு இடப்பக்கம். பின்னால் மல்லாந்து பாருங்கள். இடுப்புப் பட்டை நழுவி மார்புக்கு வருகிறதா? முழங்காலை மார்புவரை மடக்குங்கள். தொடை வளையம் பிடித்து இழுக்கிறதா? தளைநாரில் ஏறுகிறவர் இரு பாதத்தையும் சேர்த்து மேலே இழுப்பவர். அந்த அசைவைத் தடுக்கும் பெல்ட் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அவருக்கு ஆகாது. என் கருத்தில் பனைக்கும் தென்னைக்கும் மெத்தை வைத்த தொடை வளையம் சரி. உட்காரும் பலகை வைத்தது ஏறும்போது முட்டும். புளி, வேம்பு, தூங்குமூஞ்சி மரங்களில் மணிக்கணக்கில் கிளை கழிப்பவருக்குப் பலகை இடுப்பையும் தொடையையும் நன்றாகக் காக்கும். இரண்டு வேலையும் செய்கிறவர் தொடை வளையத்தையே தேர்ந்தெடுக்கலாம்.

எதைத் தாங்கிக்கொள்ளலாம், எதை ஏற்கக் கூடாது? இடுப்பெலும்பின்மேல் லேசான அழுத்தம், புதுப் பட்டையின் விறைப்பு இவை பழகிவிடும். தொடையிடுக்கில் கூர்மையான வலி, விதைப்பையில் நசுக்கல், பாதத்தில் எறும்பு ஊர்வதுபோன்ற மரமரப்பு, இழுத்து மூச்சுவிட முடியாமை இவை பழகாது. உடனே காலை ஊன்றி நின்று, பட்டையைச் சரிசெய்து மீண்டும் முயலுங்கள். அப்போதும் வந்தால் அந்தப் பெல்ட் வேண்டாம். முகம் வெளுத்தல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், கண் இருட்டல் வந்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இதைத் தொங்கல் மயக்கம் (அசையாமல் தொங்கும்போது கால் இரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் வரும் மயக்கம்) என்பார்கள். கால் தசைகள் அசையும்போதுதான் அந்த இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அச்சம் வேண்டாம், தரை ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் நினைவிழந்து மரத்தில் தொங்குபவருக்கு நிமிடங்கள்தான் அவகாசம் என்பதை இந்தச் சோதனையிலேயே புரிந்துகொள்வது நல்லது.

பெல்ட்டைப்போலவே சுற்றுக்கயிற்றையும் (மரத்தைச் சுற்றி இடுப்பின் இரு வளையங்களிலும் மாட்டும் கயிறு) சோதிக்க வேண்டும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கிளையுள்ள மரத்தில் கயிறு ஏதாவது கவையில் தங்கிவிடும். பனையின் வழுக்கை உடம்பில் அது எதிலும் தங்காது. சாதாரணச் சுற்றுக்கயிறு, கால் நழுவியதும் ஆளோடு சேர்ந்து அடிவரை உரசிக்கொண்டே இறங்கும். கருக்குமட்டையிலோ பாளைக்காம்பிலோ மாட்டிக்கொண்டு தப்பிக்கலாம் என்று நம்புவது ஆபத்து. எடை ஏறும்போது மரத்தை இறுக்கிப் பிடிக்கும் சுருக்கு வகைக் கயிறுதான் பனைக்கும் தென்னைக்கும் வேண்டும். இதைத் தரையிலேயே சோதிக்கலாம். பனை அடியில் நின்று நெஞ்சளவு உயரத்தில் கயிற்றைச் சுற்றி மாட்டி, மெதுவாக எடையைக் கொடுத்துப் பாதங்களைத் தரையிலிருந்து தூக்குங்கள். கயிறு இருந்த இடத்திலேயே கவ்விக்கொண்டால் சரி. உங்களோடு வழுக்கி இறங்கினால் அந்தக் கயிறு பனைக்கு ஆகாது. அடிமரம் பருத்தும் மேலே மெலிந்தும் இருப்பதால் நீளத்தை ஒரே கையால் குறைக்கவும் கூட்டவும் முடிகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். பழைய மட்டை வரிசையையோ கிளையையோ தாண்ட வேண்டிய இடத்தில் ஒன்றைக் கழற்றுமுன் மாட்ட இரண்டாவது கயிறு ஒன்று தேவைப்படும். விலை பேசும்போது அதையும் சேர்த்தே பேசுங்கள்.

பனையின் கருக்கு ரம்பப் பல்லைப்போல் கயிற்றை அறுக்கும். தீட்டிய அரிவாள் ஒரே இழுப்பில் அறுக்கும். உள்ளே எஃகுக் கம்பி வைத்த சுற்றுக்கயிறு வெட்டைக் கூடுதலாகத் தாங்கும் என்பதால் பாளை சீவுபவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் எஃகு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி அருகில் உள்ள மரத்தில் எந்தப் பெல்ட்டும் காப்பாற்றாது. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ஏற வேண்டும்.

சீட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள். இந்தியத் தரம் ஐ.எஸ். 3521, அல்லது ஐரோப்பியத் தரம் 358 (சாய்ந்து நின்று வேலை செய்வதற்கானது), 813 (உட்காரும் பட்டைக்கானது), 361 (முழு உடல் பெல்ட்டுக்கானது) என்று ஏதாவது ஒன்று தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். தயாரித்த மாதமும் ஆண்டும், தாங்கும் எடையும் இருக்க வேண்டும். எடை என்பது ஆள், அரிவாள், கலயம் எல்லாம் சேர்த்து. கேரபினரில் (தானே மூடிப் பூட்டிக்கொள்ளும் கொக்கி) 22 கிலோநியூட்டன் அல்லது அதற்கு மேல் பொறித்திருந்தால் அது சுமார் இரண்டேகால் டன் இழுவையைத் தாங்கும் என்று பொருள். இரண்டு அசைவுக்குக் குறையாமல் செய்தால்தான் திறக்கும் பூட்டு வேண்டும். ஒரே அழுத்தில் திறப்பது மரத்தில் உரசியே திறந்துகொள்ளும்.

பழைய பெல்ட் இனாமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். சிமென்ட் ஆலைகளும் கட்டட வேலைகளும் நிறைந்த அரியலூர்ப் பக்கம் கழித்துப் போட்ட பெல்ட்டுகள் கைமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். அது ஏற்கெனவே ஒருவரைத் தாங்கி நிறுத்தியதா என்பது பார்த்தால் தெரியாது. ஒருமுறை அதிர்ந்து விழுந்தவரைப் பிடித்த பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஈரத்தில் கலந்த சிமென்ட் தூசு காரம் மிக்கது. பதநீர்க் கலயத்தில் தடவும் சுண்ணாம்பும் அப்படித்தான். பெல்ட்டுகளில் அதிகம் பயன்படும் பாலியெஸ்டர் நூலைக் காரம் அரிக்கும். நைலான் காரத்தை ஓரளவு தாங்கும். ஆனால் பேட்டரி அமிலம் பட்டால் அது கெட்டுவிடும். இந்த இரண்டு நூலையுமே வெயில் மெல்ல மெல்ல நைந்துபோகச் செய்யும். சுண்ணாம்பு பட்டால் அன்றே வெறும் தண்ணீரில் நன்கு அலசி நிழலில் உலர்த்துங்கள். சலவைச் சோடா வேண்டாம், அதுவும் காரம்தான்.

சில குறுக்குவழிகள் ஊரில் வழக்கத்தில் இருக்கின்றன. பெல்ட்டில் நெல் மூட்டையைக் கட்டி உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பது அதில் ஒன்று. சோதித்தது போலத் தோன்றும், உண்மையில் புதுப் பெல்ட்டையே கெடுத்துவிடும். அளவு பெரிதென்றால் பட்டையை வெட்டி செருப்புத் தைப்பவரிடம் தைத்துக்கொள்வது, கூடுதல் துளை போடச் சூட்டுக்கோல் வைப்பது, லாரி பாரம் கட்டும் பட்டையைச் சுற்றுக்கயிறாக்குவது இவற்றையும் அடியோடு விடுங்கள். தயாரித்தவர் போட்ட தையல்தான் எடையைத் தாங்குகிறது. "எங்கப்பா நாற்பது வருஷம் தளைநாரிலேயே ஏறினார்" என்று சொல்பவரின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். பெல்ட் வந்த பிறகும் தளைநார் இருக்கட்டும்; ஏறும் திறமைக்கு அது, கை தவறும் நொடிக்கு இது.

எங்கே சோதிப்பது? கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "மாட்டித் தொங்கிப் பார்க்க இடம் தருவீர்களா?" தர மறுத்தால் திருப்பித் தரும் நிபந்தனையை பில்லில் எழுதி வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பும் நாள் முடிவதற்குள், சீட்டைக் கிழிக்காமல், அழுக்குப் படாமல் வீட்டில் அளவுச் சோதனையை முடித்துவிடுங்கள். பெரம்பலூர் மாவட்டத்தவர் வாலிகண்டபுரத்தில் உள்ள ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், அரியலூர் மாவட்டத்தவர் சோழமாதேவியில் உள்ள கிரீடு வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகி, மரமேறும் பயிற்சி அல்லது செயல்விளக்கம் எப்போது நடக்கும் என்று கேட்கலாம். 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. கருவிகளுக்கு இப்போது மானியம் உண்டா என்பதைத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். மானியத்தில் கிடைக்கிறது என்பதற்காக அளவு சேராததை ஏற்காதீர்கள்.

வாங்கிய பிறகு முதல் வாரம் ஆளுயரத்துக்கு மேல் போக வேண்டாம். மாட்டுவது, கழற்றுவது, கயிற்றை மாற்றுவது எல்லாம் கண்ணை மூடிச் செய்யும் அளவுக்குக் கீழேயே பழகட்டும். தனியாக யாரும் ஏறக் கூடாது. கீழே நிற்பவருக்கும் மரமேறத் தெரிந்திருக்க வேண்டும். அவரிடம் ஒரு பெல்ட்டும் இறக்கும் கயிறும் இருக்க வேண்டும். குடித்திருந்தாலோ, சாப்பிடாமல் இருந்தாலோ, தலைசுற்றல் இருந்தாலோ அன்று மரமேறுவதைத் தவிர்த்துவிடுங்கள். யாராவது மயங்கித் தொங்கினால் 108ஐ அழைத்துக்கொண்டே விரைந்து இறக்குங்கள். இறக்கியதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். உட்கார வைத்தே வைத்திருக்க வேண்டும் என்று முன்பு சொல்லப்பட்டது. அதற்கு ஆதாரமில்லை என்று பின்னர் தெளிவாகிவிட்டது. மேலிருந்து தரையில் விழுந்தவரை மட்டும் தூக்கி நிறுத்தாதீர்கள், சோடாவோ தண்ணீரோ கொடுக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருங்கள்.

பெல்ட்டுக்குப் பணம் ஒதுக்கும் அதே வாரத்தில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். பனையேறுபவர்களுக்குத் தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியம் இருக்கிறது. தேங்காய் வெட்டுபவர், புளி உலுக்குபவர் எந்த வாரியத்தில் சேரலாம் என்பதை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் சொல்வார்கள். தென்னையேறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் "கேர சுரக்ஷா" விபத்துக் காப்பீடும் உண்டு. தோப்புக்காரர்களே, உங்கள் மரத்தில் ஏறுகிறவரின் பெயர் இவற்றில் ஏதாவது ஒன்றில் பதிவாகியிருக்கிறதா என்று இந்தப் பருவம் தொடங்கும் முன் அவரிடம் கேளுங்கள்; இல்லையென்றால் ஒரு நாள் கூலியை நீங்களே கொடுத்து அவரைப் பதிவுக்கு அனுப்பிவையுங்கள்.